அலமாரியில் உறங்கும் குரல்கள்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

ஐயாயிரம் பேர் வயிறார உண்டு முடித்த பிறகு, மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு இயேசுநாதர் தம் சீடர்களிடம் சொன்னதை மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. இத்தனை பெரிய புதுமையைச் செய்தவருக்கு மீந்த துண்டுகள் எதற்கு என்று சிறு வயதில் நாங்கள் கேட்டதுண்டு. சென்ற மே மாத விடுமுறையில் எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தபோதுதான் அதற்கு ஓரளவு விடை கிடைத்தது.

வாசக அன்பர்களே! கைப்பேசியில் நினைத்த நேரத்தில் படம் பிடிக்கும் நம் தோழியர் பலருக்கு வீடியோ கேசட் என்பது காதால் கேட்ட பெயராக மட்டுமே இருக்கும். ஒரு சிறு புத்தகத்தின் அளவுள்ள கறுப்புப் பெட்டி. அதனுள்ளே அரை அங்குல அகலத்தில் ஒரு நாடா. மூன்று மணி நேரக் கேசட்டின் நாடாவை நீட்டினால் 250 மீட்டருக்கும் மேல் வரும். ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட வி.எச்.எஸ். முறைக் கேசட்டுகளே நம் ஊர் வீடுகளிலும் பரவின. எண்பதுகளில் வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் வந்தவர்களும், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியவர்களும் ‘டெக்’ என்று அழைக்கப்பட்ட வீடியோ கருவியை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். இல்லாதவர்கள் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி உட்கார்ந்து விடிய விடிய மூன்று படம் பார்த்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணம், திருமுழுக்கு, புதுநன்மை என்று குடும்ப விசேஷங்களுக்கெல்லாம், கண்கூசும் விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு பையனுடன் வீடியோக்காரர் வருவதும் அக்காலத்தில்தான் வழக்கமாயிற்று.

எங்கள் வீட்டில் அத்தகைய கேசட்டுகள் பதினொன்று இருந்தன. மஸ்கட்டில் வேலை பார்த்த சின்னத் தாத்தா 1987இல் கொண்டு வந்த டெக், பழுதாகிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்ப் பல ஆண்டுகளாகின்றன. கேசட்டுகள் மட்டும் பழைய ஜெபப் புத்தகங்களுக்கும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கும் பின்னால் கிடந்தன. எறிந்துவிடப் பாட்டி சம்மதிக்கவில்லை. போட்டுப் பார்க்கவும் வழியில்லை. “அத்தை கல்யாண கேசட்டுல உங்க தாத்தா பேசுவாரு” என்று அடிக்கடி சொல்வார். எங்கள் தாத்தா 2009இல் இறைவனடி சேர்ந்தார். பேரப்பிள்ளைகளாகிய எங்கள் நினைவில் அவருடைய முகம் ஒரு சட்டம் போட்ட புகைப்படமாகவே இருந்தது. குரலை நாங்கள் அறிந்ததேயில்லை.

2015 டிசம்பர் முதல் வாரத்தை நம் பகுதியினர் எளிதில் மறக்க மாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கீழ்க்கட்டளை ஏரியின் மிகுநீர் நாராயணபுரம் ஏரியைத் தொட்டுப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர வேண்டும். போகும் வழியெங்கும் வீடுகள் வந்துவிட்டபடியால் அந்தத் தண்ணீர் எங்கள் தெருவில் தங்கி, வாசற்படி ஏறி, அலமாரியின் கீழ்த்தட்டையும் நனைத்தது. அரிசி மூட்டையையும் ரேஷன் அட்டையையும் பள்ளிச் சான்றிதழ்களையும் மேலே தூக்கிய கைகள் கேசட்டுகளை மறந்துவிட்டன. நீர் வடிந்த பின் அவற்றை மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்து, மீண்டும் அதே இடத்தில் அடுக்கினோம். காய்ந்தது வெளிப்பெட்டி மட்டுமே என்பதை அப்போது யாரும் அறியவில்லை.

வெள்ளம் புகாத வீடுகளிலும் இந்த நாடாக்கள் நலமாக இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. பாலியெஸ்டர் நாடாவின்மேல் நுண்ணிய காந்தத் துகள்களை ஒருவகைப் பசை பிடித்து வைத்திருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பசையைச் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது. ஈரத்தோடு தூசியும் சேர்ந்தால் பூஞ்சை படர்கிறது. கடலுக்கு அருகிலுள்ள நம் சென்னைப் புறநகரில் ஈரத்துக்குப் பஞ்சமேது? நாடா கெடாமலே இருந்தாலும் அதை ஓட்டிக் காட்டக் கருவி வேண்டுமே! உலகில் கடைசியாக வீடியோ டெக்குகளைச் செய்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அவ்வேலையை நிறுத்திக்கொண்டது. யுனெஸ்கோவின் தகவல் திட்டம் ஒன்றும், ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து 2019இல் உலகெங்குமுள்ள காப்பகங்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தன. 2025ஆம் ஆண்டை ஒட்டி, பழுதற்ற கருவிகளும் உதிரிப் பாகங்களும் கிடைப்பது மிக அரிதாகிவிடும் என்பதே அதன் சாரம். அந்த ஆண்டும் வந்துவிட்டது.

ஆகவே எங்கள் கருத்தை இப்போதே கூறிவிடுகிறோம். வீட்டில் கேசட் வைத்திருப்போர் அடுத்த விடுமுறைக்குள் அவற்றைத் தகடுகளுக்கு மாற்றிவிட வேண்டும். அந்த வேலையைப் பிள்ளைகளாகிய நாமே, வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

இது பெரிய வித்தையொன்றும் இல்லை. தெரிந்தவர் வீட்டுப் பரணில் இருந்த டெக் ஒன்றை இரவல் வாங்கினோம். பழுது பார்ப்பவர் அதன் தலையைச் சுத்தம் செய்து, தளர்ந்துபோன ரப்பர் பட்டையை மாற்றிக் கொடுத்தார். படத்தைக் கணினிக்குள் வாங்கித் தரும் சிறு கருவி ஒன்று ரிச்சி தெருவில் கிடைத்தது. அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். டெக்கின் பின்புறமுள்ள மஞ்சள் துளையிலிருந்து படமும், வெள்ளை, சிவப்புத் துளைகளிலிருந்து ஒலியும் ஒயர்களின் வழியே அக்கருவிக்கு வரும். கருவியின் மறுமுனையை மடிக்கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருக வேண்டும். பெரியம்மா மகள் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினிதான் எங்களுக்குக் கைகொடுத்தது. கேசட் ஓட ஓடப் படம் கணினியில் பதிவாகும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம். இதில் குறுக்கு வழி கிடையாது. பிறகு அதை டி.வி.டி. தகட்டில் எழுத வேண்டும். 4.7 ஜி.பி. கொள்ளும் ஒரு தகட்டில் நல்ல தரத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படம் அடங்கும். எனவே ஒரு கல்யாணத்துக்கு இரண்டு தகடுகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. முதல் நாள் படம் கறுப்பு வெள்ளையாகி, மேலும் கீழும் உருண்டது. கேசட் கெட்டுப்போயிற்று என்று கலங்கினோம். கெட்டிருந்தது எங்கள் கவனமே. கணினியின் மென்பொருள் அமெரிக்காவில் வழங்கிய என்.டி.எஸ்.சி. முறையில் நின்றது. நம் நாட்டுக் கேசட்டுகளோ நொடிக்கு 25 படங்கள் காட்டும் ‘பால்’ முறையில் பதிவானவை. அதை மாற்றிய உடனே அத்தையின் கையிலிருந்த ரோஜாச் செண்டு சிவந்தது!

இரண்டாவது தவறு பெரிது. வெள்ளத்தில் நனைந்த ஒரு கேசட்டின் சிறு கண்ணாடி வழியே வெண்மையாக மாவு போல் ஏதோ தெரிந்தது. அதைப் பொருட்படுத்தாமல் டெக்கில் போட்டுவிட்டோம். சற்று நேரத்தில் திரை முழுவதும் பனி கொட்டியது. டெக்கினுள் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் உருளையின் தலையில் பூஞ்சை அப்பிக்கொண்டது. “பூஞ்சை புடிச்சதைப் போட்டா டெக்கும் போச்சு, அடுத்துப் போடுற நல்ல கேசட்டும் போச்சும்மா” என்று பழுது பார்ப்பவர் கடிந்துகொண்டார். எங்கள் வீட்டுக் கேசட்டுகளைப் போடும் முன்பே அந்தக் கண்ணாடியைப் பார்க்கக் கற்றிருந்தால், இரவல் பொருளுக்கு இந்தக் கதி நேர்ந்திராது. தோழியரே, வெண்மை தெரிந்தால் தொடாதீர்கள். அதனைத் தனியே எடுத்து வைத்து, பழகிய கையில் ஒப்படையுங்கள்.

பிறகு அத்தையின் கல்யாணக் கேசட்டுக்கு வந்தோம். 1991ஆம் ஆண்டுக் கல்யாணம். பாட்டி கையில் ஜெபமாலையோடு நாற்காலியில் வந்து அமர்ந்தார். அக்கால வழக்கப்படி வீடியோக்காரர் கேசட் முழுவதிலும் சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தார். சாமியார் வாய் அசைகிறது, பாட்டுக் கேட்கிறது. தாத்தா யாரையோ பார்த்துச் சிரித்துப் பேசுகிறார், பாட்டுக் கேட்கிறது. ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று. பாட்டி சொன்னது வெறும் நினைவுதானோ என்று எங்களுக்குள் ஐயம் எழுந்தது. கேசட்டின் கடைசிப் பகுதியில், பந்தலில் பந்தி நடக்கும் இடத்தில், ஒரு பாட்டு முடிந்து மறு பாட்டுத் தொடங்கும் முன் சிறிது இடைவெளி. அங்கே தாத்தா கையை உயர்த்திக் கூப்பிடுகிறார்: “யாரும் சாப்பிடாமப் போகக்கூடாது! டிரைவருங்களைக் கூப்பிடுங்க மொதல்ல!”

அவ்வளவுதான். கணினியில் அளந்து பார்த்தோம், பதினொரு நொடிகள். அந்தக் குரல் நாங்கள் எண்ணியிருந்ததைவிட மெல்லியதாக, எங்கள் அப்பாவின் குரல் போலவே இருந்தது. பாட்டி அழுவார் என்று பயந்தோம். அவரோ, “ஆமா, பின்ன? அவங்கதானே ராத்திரி வண்டி ஓட்டணும்” என்று, தாத்தா பக்கத்தில் நின்று பேசியதற்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னார். அன்று ஏழு முறை போட்டோம்.

அதன் பிறகு நடந்ததே எங்களுக்குப் பெரிய பாடம். படத்தில் வந்தவர்களை எல்லாம் பாட்டி பெயர் சொல்லத் தொடங்கினார். இவர் சமையலுக்கு வந்தவர்; இவர் வாத்தியார்; இந்தப் பெண் பிற்பாடு கன்னியர் மடத்தில் சேர்ந்தாள்; தோரணம் கட்டுகிற இந்தப் பையன்தான் பின்னால் ரயில்வேயில் வேலைக்குப் போனான். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நேரத்தையும் பெயரையும் எழுதிக்கொண்டே வந்தோம். நாற்பத்து மூன்று பெயர்கள் தேறின. முன்வரிசையில் பலூனோடு நிற்கும் ஒரு சிறுமியை மட்டும் பாட்டிக்கு அடையாளம் தெரியவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்றார். பாட்டிக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. நாடா மட்டுமா மங்குகிறது? கணினி படத்தைக் காப்பாற்றித் தரும். அதிலிருப்பவர் யார் என்று அது சொல்லித் தராது.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். பதினொன்றில் ஏழு மட்டுமே தேறின. இரண்டில் பூஞ்சை. ஒன்றில் நாடா அறுந்து சிக்கிவிட்டது. மீதி ஒன்று, 1988இல் எங்கள் அப்பா புதுநன்மை வாங்கிய நாள். அதைப் போட்டபோது வெள்ளை உடையில் மெழுகுதிரியோடு சிறுவர்கள் வரிசையாக வரும் காட்சி சற்று நேரம் ஓடியது. சட்டென்று ஒரு சினிமாப் படம் தொடங்கிவிட்டது. கேசட்டின் விளிம்பில் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை ஒடித்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. அதை ஒடிக்க மறந்திருந்தார்கள். என்றோ ஒரு நாள் வேறு கேசட் கிடைக்காத அவசரத்தில் யாரோ அதன்மேலேயே படத்தைப் பதிந்துவிட்டார்கள். வெள்ளம் அழிக்காததை எங்கள் கைகளே அழித்தன.

இதற்காக நாங்கள் யார்மேலும் கோபிக்கவில்லை. 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சியை நேரடியாகப் பதிந்த மூல நாடாக்களையே, நாடாத் தட்டுப்பாட்டால் அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டதாக அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2009இல் கூறியது. தொலைக்காட்சி நிலையங்களில் எஞ்சியிருந்த பிரதிகளைக் கொண்டே அக்காட்சியைச் சீர்செய்தார்கள். 1931இல் வெளிவந்த தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அறிஞர்களும் பெரிய நிறுவனங்களும் தவறவிட்டதை நம் வீட்டார் தவறவிட்டதில் வியப்பென்ன?

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பெரிய நிகழ்ச்சிகளைக் காக்கப் பெரிய காப்பகங்கள் இருக்கின்றன. திரைப்படங்களுக்காகப் புனேயில் 1964இல் தேசிய ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. வத்திக்கானில் 1959 முதலே திரைப்படக் காப்பகம் இயங்கி வருகிறது. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1986 பிப்ரவரியில் நமக்கு அருகிலுள்ள பரங்கிமலைக்கு வந்ததை உலகம் மறக்காது. ஆனால் 1991இல் கீழ்க்கட்டளையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் மண் சாலையில் வந்ததையும், இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் அன்று மாடுகள் மேய்ந்ததையும் யார் காப்பார்? எங்கள் அத்தையின் கேசட்டைத் தவிர அதற்கு வேறு சாட்சி கிடையாது. உங்கள் வீட்டு அலமாரியிலும் மடிப்பாக்கத்தின், நன்மங்கலத்தின், குரோம்பேட்டையின் ஒரு பழைய நாள் அப்படி இருக்கலாம்.

சிலர் கேட்கலாம்: பத்தாம் வகுப்பில் பொதுத் தேர்வை வைத்துக்கொண்டு இது தேவையா? தேவையில்லாத நேரத்தில் செய்யச் சொல்லவில்லை. விடுமுறையில் செய்யச் சொல்கிறோம். கேசட் தானாக ஓடும்போது பக்கத்தில் கணக்கும் போடலாம், நாங்கள் போட்டோம். கடையில் கொடுத்தால் அவர்களே மாற்றித் தருவார்களே என்பது மற்றொரு கேள்வி. டெக் கிடைக்காதவர்கள் அவ்வாறே செய்யட்டும். ஆனால் தகடு வீட்டுக்கு வந்ததும் அதை இழுப்பறையில் போடாமல், பெரியவர்களோடு ஒரு முறை முழுவதும் பார்த்துப் பெயர்களை எழுத வேண்டும். இறந்தவர்களைப் பார்த்துப் பார்த்து அழவா இத்தனை பாடு என்றும் ஒருவர் கேட்டார். அவரை எங்கள் பாட்டியின் பக்கத்தில் ஒரு மாலை உட்காரச் சொல்வோம்.

இன்னொன்றையும் அடக்கத்தோடு சொல்ல விரும்புகிறோம். தகட்டில் எழுதிவிட்டால் என்றைக்கும் கவலையில்லை என்று நினைப்பது பேதைமை. நாமே எழுதும் தகட்டில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது; வெயிலிலும் வெப்பத்திலும் அதுவும் கெடும். இப்போது விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் தகடு போடும் இடமே இல்லை. நாங்களும் எங்கள் பழைய மடிக்கணினிக்குத் தகடு எழுதும் கருவியைத் தனியாக இரவல் வாங்கினோம். ஆகையால் இரண்டு தகடுகளில் எழுதி, வன்தட்டு ஒன்றிலும் சேர்த்து வைத்தோம். ஒரு தகடு திண்டுக்கல்லில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. இங்கே மறுபடி தண்ணீர் வந்தாலும் அங்கே வராது அல்லவா? மூலக் கேசட்டுகளையும் எறியவில்லை. மேல்தட்டில், ஈரம் படாமல், புத்தகம் போல நிமிர்த்தி வைத்திருக்கிறோம். பிறருடைய முகங்கள் நிறைந்த இப்படங்களைக் கைப்பேசியில் கண்டவர்க்கும் அனுப்புவதில்லை என்றும் தீர்மானித்தோம். அந்த விருந்துக்கு வந்தவர்கள் எங்கள் குடும்பத்தை நம்பி வந்தவர்கள்.

ஆண்டுக்கொரு முறை தகடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் நவம்பர் 2ஐக் குறித்திருக்கிறோம். கல்லறைத் திருநாளன்று கல்லறையைக் கழுவி, மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதினொரு நொடிகளைக் கேட்போம்.

இறுதியாக, நம் தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களுக்கு ஒரு தாழ்மையான விண்ணப்பம். நம் பள்ளி அலுவலக அலமாரியிலும் பழைய ஆண்டு விழா, விளையாட்டு விழாக் கேசட்டுகள் இருக்கின்றன. அடுத்த கோடை விடுமுறையில் பத்து நாள்கள் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு மேசையும் தந்தால், நாங்கள் அவற்றை மாற்றித் தருகிறோம். மேடையில் தேவதையாக நின்றவர் யார், ஓட்டப் பந்தயத்தில் விழுந்து எழுந்தவர் யார் என்று பெயர் சொல்ல, முன்னாள் மாணவியராகிய நம் தாய்மாரும் அத்தைமாரும் வந்து உதவட்டும். முதியோர் இல்லத்தில் ஓய்விலிருக்கும் அருட்சகோதரிகளையும் அழைத்து வரலாம். பூஞ்சை பிடித்த கேசட்டைப் போட மாட்டோம் என்று இப்போதே வாக்களிக்கிறோம்!

தோழியரே, இந்த மலரைப் படித்து முடித்ததும் வீட்டுக்குப் போய் அலமாரியின் கீழ்த்தட்டைப் பாருங்கள். கேசட் இருந்தால் அதன் சிறு கண்ணாடியைப் பாருங்கள். பிறகு பாட்டியிடம் போய், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.